நான் எழுதாமல் விட்ட ‘கட்டி’

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் ஓய்வுபெற்ற ஊழியர் சங்கக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், முனிராஜைப் பற்றிப் பேசிய நால்வரில் மூவர் என்னைப் பற்றியும் பேசினார்கள். அவருடைய மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடித்தது நான்தான் என்றார்கள். செயலாளர் இன்னும் ஒரு படி மேலே போய், மேடம் அன்றைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திராவிட்டால் அவர் பன்னிரண்டு வருடம் முன்பே போயிருப்பார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டுவது முறையல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் சொன்னது உண்மையும் அல்ல. நான் அங்கேயே எழுந்து மறுத்திருக்க வேண்டும். என் முழங்கால்கள் எழுந்து நிற்கச் சம்மதிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. அதனால் இந்தச் சங்க மலரில் எழுதுகிறேன்.

நோயைக் கண்டுபிடித்தவர் அவர் மனைவி ரத்னம்மா. குணப்படுத்தியவர் பெங்களூரில் ஓர் அறுவை மருத்துவர். தாங்கிக்கொண்டவர் முனிராஜ். நான் செய்தது, அவரை மூன்று மாதம் தாமதப்படுத்தியது. கடிதம் எழுதினேன் என்பது சரிதான். இரண்டு கடிதங்கள் எழுதினேன். உங்கள் எல்லோருக்கும் இரண்டாவதுதான் தெரியும்.

அவர் இறந்த செய்தி எனக்குக் காலை பதினொரு மணிக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஓசூரில் அடுத்தடுத்த தெருக்காரர்கள். தொலைபேசியில் ரத்னம்மா, “அக்கா, அவரு போயிட்டாருக்கா” என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, “எதனால?” ஒரு பெண் தன் கணவனை இழந்த அரைமணி நேரத்தில் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. ஆனால் ரத்னம்மாவுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று தெரியும். “அது இல்லக்கா. ஹார்ட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காப்பி குடிச்சிக்கினு பேப்பர் படிச்சாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. அது திரும்பி வரல” என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, “அப்பாடா” என்றேன். அந்தப் பக்கம் ரத்னம்மாவும், “ஆமாக்கா” என்றார். எழுபது வயதில் ஒரு மனிதர் போன செய்திக்கு இரண்டு பெண்கள் இப்படிப் பெருமூச்சு விட்டார்கள் என்று கேட்டால் விநோதமாக இருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்கள் இருவரும் எதற்குப் பயந்துகொண்டிருந்தோமோ, அது நடக்கவில்லை.

அவரை அறியாத இளைய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். முனிராஜ் ஜவளகிரியிலிருந்து வந்தவர். வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ், பெங்களூர்க்காரர்களிடம் கன்னடம். நம் ஆலையில் பற்சக்கரங்களை அளந்து, சரியானதை அனுப்பி, தவறானதை ஒதுக்கும் இன்ஸ்பெக்டர். நான் பணியாளர் அலுவலகத்தில் ஸ்டெனோ. நான் தட்டச்சு செய்து ஒட்டிய ஓர் அறிவிப்பைக் கையில் பிய்த்துக்கொண்டு அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றதுதான் எங்கள் முதல் பழக்கம்.

“மேடம், இங்க மைக்ரான்னு இருக்கணும். மில்லின்னு அடிச்சிருக்கீங்க.”

“ஒரு சொல்தானே, பேனாவால் திருத்திக்கொள்ளலாமே” என்றேன்.

“ஒரு சொல்லுதான் மேடம். ஆயிரம் மடங்கு.”

எனக்குக் கோபம் வந்தது. கன்னியாஸ்திரீகளிடம் பதினொரு ஆண்டு படித்தவள் நான். என் தாளில் பிழை என்று எவரும் சொன்னதில்லை. திருத்தி அடித்துக் கொடுத்தேன். அவர் அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எடுத்துப்போனார். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் மரியாதை. என் தாள்களை உண்மையாகவே படிக்கிற ஒரே ஆள் அந்த ஆலையில் அவர்தான் என்று தெரிந்துகொண்டேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகும், தெருவில் யாருக்காவது ஆங்கிலத்தில் விண்ணப்பம் வேண்டுமென்றால் என் சாப்பாட்டு மேஜைக்குத்தான் வருவார்கள். கம்பெனியின் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் வெளி மருத்துவரிடம் போக வேண்டுமானால், உடம்புக்கு என்ன என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். முனிராஜும் ரத்னம்மாவும் ஒரு செப்டம்பர் மாலை அதற்காகத்தான் வந்தார்கள். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது.

“நெஞ்சுல ஒரு கட்டி மாதிரி இருக்குது மேடம்” என்றார்.

“வலி இருக்கிறதா?”

“வலியெல்லாம் இல்ல.”

ரத்னம்மா, “அக்கா, அது வந்து, அந்த எடத்துல...” என்று ஆரம்பித்தார். முனிராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தார். ரத்னம்மா நிறுத்திவிட்டார்.

நான் செய்த பிழையைக் கூடியவரை சரியாகச் சொல்கிறேன். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் என் கணவர் நெஞ்சுவலி என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் போய்விட்டார். நெஞ்சு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு. இந்தப் பக்கத்து ஆட்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் திருத்திப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். ‘நெஞ்சில் கட்டி மாதிரி’ என்றால் நெஞ்சு கனக்கிறது, அடைக்கிறது என்று பொருள் என நானே முடிவு செய்தேன். அழகான ஆங்கிலத்தில், நெஞ்சில் பாரமும் அசௌகரியமும் இருப்பதாக எழுதினேன். கட்டி என்ற சொல்லை எழுதவில்லை. அந்த மனிதர் கட்டி என்று சொன்னது கட்டியைத்தான். அவர் வாழ்நாள் முழுவதும் எதையும் ஒரு மயிரிழை கூட்டியோ குறைத்தோ சொன்னவர் அல்லர். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த மூன்று மாதம் அந்தக் கடிதம் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் படித்த கம்பெனி மருத்துவர் இதய மருத்துவரிடம் அனுப்பினார். அதைப் படித்த இதய மருத்துவர் ஈ.சி.ஜி. எடுத்தார், எக்கோ எடுத்தார், ஓடும் பெல்ட்டில் ஏற்றி நடக்கவிட்டார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஈ.சி.ஜி.க்காக இடது மார்பில் ஒட்டு வைத்த ஊழியர், விரற்கடைத் தூரத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, “என்ன சார், பூச்சி கடிச்சிதா?” என்று கேட்டாராம். இவர், “இருக்கும்” என்றாராம். மற்ற எவரும் அதை விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கையில் என் கடிதம் இருந்தது.

ஒவ்வொரு சோதனை முடிந்ததும் முனிராஜ் என் வாசலில் நின்று தகவல் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். “இருவது வயசுப் பையனோட இதயம்னு சொல்லிட்டாங்க மேடம். ரத்னாவுக்குத்தான் நம்பிக்கை வரல” என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ரத்னம்மாவுக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் பனியன். கட்டி தெரிவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே அவருடைய பனியனில் இடது பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை வந்துகொண்டிருந்தது. ஆலையில் வேலை செய்கிறவர் பனியனில் கறை இருந்தால் நம் ஊரில் எந்தப் பெண் அதை இரண்டாவது முறை பார்ப்பாள்? கூலன்ட் எண்ணெய், துரு, கிரீஸ். ரத்னம்மா அதைத் துணி துவைக்கும் கல்லில் வைத்துத் தேய்ப்பார், திட்டுவார். “எண்ணெக் கைய நெஞ்சுல தொடைக்காதீங்கன்னா கேக்கறதே இல்ல.” அவரும் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் குற்றம் சொல்லி, பேனாவை வலது பக்கத்துக்கு மாற்றினார். கறை மாறவில்லை.

டிசம்பர் கடைசி வாரம் ஆலையை மூடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் முனிராஜ் வீட்டில்தான் இருந்தார். ஐந்தாம் நாள் ரத்னம்மா தனியாக என் வீட்டுக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் பிரித்தார். துவைக்காத மூன்று பனியன்கள். மேஜையில் அழுக்குத் துணி வைக்க நான் விடுகிறவள் அல்ல. அன்று விட்டேன்.

“இது திங்கக்கெழம. இது நேத்து. இது இன்னிக்கு” என்று மூன்றையும் வரிசையாக விரித்தார். மூன்றிலும் அதே இடத்தில் அதே கறை. “கம்பெனி பூட்டிக் கெடக்குதுக்கா. அஞ்சு நாளா மெஷின் பக்கமே போவல. எண்ணெ எங்கிருந்துக்கா வருது?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன். நான் வேலையில் இருந்த கடைசி ஆண்டுகளில், ஊழியர்களின் மனைவிமாருக்காக நம் ஆலை அரங்கில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. பெண் மருத்துவர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். அதை மேடையில் நின்று தமிழில் சொன்னது நான். வலி இல்லாத கட்டி, காம்பிலிருந்து கசிவு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது: இந்த மூன்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள் என்று நானே என் வாயால் சொன்னேன். துண்டுப் பிரசுரத்தையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ‘தாய்மார்களே’ என்று தொடங்கியிருந்தேன். ஆண்களுக்கும் வரும் என்று அந்த மருத்துவர் போகிற போக்கில் ஒரு வரி சொன்னார். அரங்கில் பெண்கள் மட்டும்தானே இருக்கிறார்கள் என்று நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

முனிராஜை வரவழைத்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

“எனக்கு அறுபத்தாறு வயது. இரண்டு மகன்களைக் குளிப்பாட்டி வளர்த்திருக்கிறேன்.”

“அதுக்கு?”

“அதுக்குச் சட்டையைக் கழற்றுங்கள்.”

சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கழற்றி, பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். “எங்கே இருக்கிறது? விரலை வைத்துக் காட்டுங்கள்” என்றேன். மூன்று மாதம் முன்பு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவர் இடது காம்பின்மேல் விரலை வைத்தார். காம்பு உள்ளே இழுத்திருந்தது. சுற்றிலும் தோல் சற்றுச் சுருங்கியிருந்தது. கட்டி எவ்வளவு பெரிது என்றேன். “மொதல்ல புளியங்கொட்டை. இப்ப அதவிடப் பெருசு” என்றார். அவர் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினேன். இடது மார்பகத்தில் கட்டி, காம்பிலிருந்து கசிவு, காம்பு உள்ளிழுப்பு. எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“மேடம், மார்பகம்னா பொம்பளைங்களுக்கு இல்லியா?”

“எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கு இருப்பது சின்னது. அவ்வளவுதான்.”

“இதப் படிச்சா செக்ஷன்ல என்னா சொல்லுவாங்கோ தெரியுமா?”

“செக்ஷனில் படிப்பதற்காக நான் எழுதவில்லை” என்றேன்.

பெங்களூர் மருத்துவமனைக்கு நான் உடன் போனேன். மார்பகப் பிரிவில் காத்திருப்பவர்கள் எல்லோரும் பெண்கள். விண்ணப்பத்தில் கணவர் பெயர், பிள்ளைப்பேறு, மாதவிலக்கு என்று கேட்டிருந்தார்கள். முனிராஜ் ஒவ்வொன்றுக்கும் நேராகப் பொறுமையாக ‘பொருந்தாது’ என்று எழுதினார். நர்ஸ் வந்து முனிராஜ் என்று கூப்பிட்டு, ரத்னம்மாவின் கையைப் பிடித்து, “ஒளகெ பன்னி அம்மா” என்று கன்னடத்தில் உள்ளே அழைத்துப்போகத் தொடங்கினாள். “பேஷன்ட் நானும்மா” என்றார் முனிராஜ். அந்தப் பெண் அவரையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தாள். பெஞ்சிலிருந்த தருமபுரிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, தலையில் துணி கட்டியிருந்தவள், சற்று நகர்ந்து இடம் விட்டாள். “இங்க வந்து குந்துங்கண்ணா. எந்நேரம் நிப்பீங்க. இங்க வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்” என்றாள். அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையில் அவர் எங்கேயும் தயங்கி நிற்கவில்லை.

மேமோகிராம் எடுத்துவிட்டு வெளியே வந்தவர் என்னிடம், “ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு இறுக்கறாங்க மேடம். நம்ம அளவு பாக்கற காலிப்பரேதான். ஆனா புடிக்கறதுக்கு என்கிட்ட சரக்குதான் இல்ல” என்றார். ரத்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நாளில் அவர் சிரித்தது அது ஒருமுறைதான். பிறகு ஸ்கேன். பிறகு தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து அறுவை மருத்துவர் எங்களை உட்காரவைத்து, புற்றுதான் என்று சொன்னார். ஆண்களுக்கு அபூர்வமாக வருவது, ஆனால் சிகிச்சை பெண்களுக்குப் போலவேதான், இவருடையது ஹார்மோனைச் சார்ந்து வளர்கிற வகை என்பதால் மாத்திரைக்கும் கட்டுப்படும் என்றார். முனிராஜ் கேட்டார்:

“எத்தன மில்லிமீட்டர் டாக்டர்?”

“இருபத்திரண்டு.”

“லிமிட்டுக்குள்ள இருக்குதா?”

அந்தப் பெண் மருத்துவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “இருக்கிறது. குணப்படுத்துவதற்காகத்தான் சிகிச்சை செய்யப்போகிறேன்” என்றார்.

“அப்ப சரி. அளந்துட்டா பாதி பயம் போயிரும்” என்றார் முனிராஜ். இதை அவர் ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

மார்பகம் முழுவதையும் காம்போடு எடுத்தார்கள். அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் நோய் இருந்தது. அதனால் கீமோவும் கதிர்வீச்சும் தேவைப்பட்டன. அந்த ஒரு முடிச்சு என்னை உறங்கவிடவில்லை. ரத்னம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் மருத்துவரிடம் என் முதல் கடிதத்தைப் பற்றிச் சொல்லி, அந்த மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் அது இருந்திருக்காதா என்று கேட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. “தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இப்போதும் தாமதமாகிவிடவில்லை” என்றார். பொய் சொல்லாத அந்தப் பெண்ணை இன்றுவரை மதிக்கிறேன்.

அறுவைக்குப் பிறகு இடது கையைத் தூக்க முடியவில்லை. சுவரில் விரல்களை வைத்து மெல்ல மேலே நகர்த்தும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். முனிராஜ் கூடத்துச் சுவரில் தினமும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் அளவை எழுதினார். வெள்ளையடித்து ஒரு வருடம்கூட ஆகாத சுவர். ரத்னம்மா என்னிடம் முறையிட்டார். “இதுக்கு ஸ்கேல் வேற வச்சு அளக்கறாருக்கா. நேத்து நாலு மில்லி கொறஞ்சுதாம், சோறு எறங்கல.” ஐந்தாவது வாரம் கை நேராக மேலே போனது. அன்றைக்கு அவரே என் வீட்டுக்கு வந்து, பரணில் இருந்த என் பெட்டியை இடது கையால் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி எனக்குத் தேவைப்படவில்லை. திருப்பி வைக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

கதிர்வீச்சுக்குத் தினமும் பேருந்தில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூர் போய் வர வேண்டும். ஒரு நாள் துணைக்குப் போனபோது, எல்லை நெரிசலில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. முதல் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். கட்டி என்று நீங்கள் சொன்னதை நான் எழுதவில்லை, மூன்று மாதம் போனது என்னால்தான் என்றேன். நான் வாழ்க்கையில் அதிகம் மன்னிப்புக் கேட்டவள் அல்ல. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

“தெரியும் மேடம்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“கவர ஒட்டறதுக்கு முன்ன படிச்சேன். கட்டியக் காணோம். நல்லதாப் போச்சுன்னு ஒட்டிட்டேன்.” வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தபடி தொடர்ந்தார். “அந்த வார்த்த இருந்தா சட்டையக் கழட்டி அந்த எடத்த தொட்டுப் பாப்பாங்கோ. அதுக்கு வெக்கம். முப்பது வருசமா ஒரு பீஸ தப்பா பாஸ் பண்ணதில்ல. அத மட்டும் பாஸ் பண்ணிட்டேன். நீங்க தனியா எடுத்துக்காதீங்க மேடம், இன்ஸ்பெக்ஷன் நான்தான்.” பேருந்து நகர்ந்தது. “ஆனா ஸ்பெல்லிங்கெல்லாம் சுத்தமா இருந்துச்சு” என்றார்.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் தினம் ஒரு மாத்திரை. பெண்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரை. மருந்துக்கடையில் ஒவ்வொரு மாதமும், “வீட்டம்மாவுக்குங்களா?” என்று கேட்பார்கள். முதல் சில மாதம் ரத்னம்மாவை அனுப்பினார். பிறகு தானே போய், கடையில் பத்துப் பேர் நிற்கும்போது, “எனக்குத்தான்” என்று உரக்கச் சொல்லி வாங்கினார். அந்த மாத்திரையால் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். ஜனவரிக் குளிரில் விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “இப்பத் தெரியுதா? தீட்டு நின்ன வயசுல நான் இதையே சொன்னப்போ சும்மா நடிக்கிறேன்னீங்களே” என்று ரத்னம்மா கேட்பார். “தெரியுது தாயே” என்பார்.

பரம்பரையாக வருவதா என்று அறிய அவருடைய இரத்தத்தையும் சோதித்தார்கள். தனக்கு அறுவை என்றபோதுகூட கலங்காதவர், அந்த முடிவு வரும்வரை, மகள் சுமதி வந்துபோகும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். அப்படி எதுவும் இல்லை என்று முடிவு வந்த அன்று, கிருஷ்ணகிரியில் இருக்கும் சுமதிக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டார். சொன்னது நான், அழுதது அவர்.

ஓய்வுபெற்ற பின் அவர் செய்த வேலை உங்களுக்குத் தெரியும், உங்களில் பலருக்கு எரிச்சலும் இருந்தது. கல்யாண வீடு, பிரிவு உபசாரம், கம்பெனிப் பேருந்து நிற்கும் இடம் என்று எங்கே நாலு ஆண்கள் சேர்ந்தாலும் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டிவிடுவார். “குளிக்கறப்போ சோப்பு போடறீங்க இல்ல, அப்ப கைய வச்சுப் பாருங்க. கட்டியா இருந்தா கட்டின்னு சொல்லுங்க. நெஞ்சுன்னு சொன்னா ஹார்ட்டுக்கு அனுப்பிருவாங்கோ, நானே போயி வந்தேன்.” அப்படி ஹார்ட்டுக்கு அனுப்பவைத்த முதல் கடிதத்தை எழுதியது யார் என்று அவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அவர் சொல்லாததால்தான் நீங்கள் எனக்குக் கைதட்டும்படி ஆயிற்று.

அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். இப்போதும் என் மேஜைக்கு ஆட்கள் வருகிறார்கள். யார் எதைச் சொன்னாலும், பேனாவைத் திறப்பதற்கு முன், “எங்கே, விரலை வைத்துக் காட்டுங்கள்” என்கிறேன். அவர்கள் சொன்ன சொல்லை அவர்கள் சொன்னபடியே முதலில் தமிழில் எழுதிக்கொள்கிறேன். திருத்துவதில்லை. இந்த வயதில் நான் கற்ற புதுப் பழக்கம் இது ஒன்றுதான்.

ஆனால் அவரை அடக்கம் செய்த அன்றே அந்தப் பழக்கத்தில் தவறினேன். ஜவளகிரியில் அவர்கள் நிலத்தில்தான் அடக்கம். நான் வரப்பில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீலநிறக் கம்பெனிச் சட்டை. கன்னட வாடையுள்ள தமிழ். “மேடம், முனிராஜண்ணனுக்கு லெட்டர் எழுதுனது நீங்கதானே? எனக்கும் இந்தப் பக்கம்...” என்றார். அவர் கை சட்டைப்பை வரைக்கும் போயிற்று. அப்போது மண் போட வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். “ஒரு நிமிடம் இருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. தளி சாலையில் ஒரு வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது. ரத்னம்மாவை, சுமதியை, செயலாளரைக் கேட்டுவிட்டேன். அவர் யார் என்று எவருக்கும் தெரியவில்லை.

அந்த மனிதருக்காகவே இந்த மலரில் இடம் கேட்டு வாங்கினேன். நீங்கள் இதைப் படித்தால், அல்லது உங்களைத் தெரிந்த எவராவது படித்தால்: எனக்காகவோ என் கடிதத்துக்காகவோ காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஓர் அறுவை மருத்துவரிடம் போங்கள். மார்பகம் என்ற சொல்லைச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அது ஒன்றுமில்லாத கொழுப்பாகவோ வீக்கமாகவோ இருக்கலாம். அதையும் அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களும் நானும் அல்ல. போய் வந்த பிறகு சங்க அலுவலக முகவரிக்கு, ஸ்டெனோ மேடம் என்று குறிப்பிட்டு, ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம். எந்தப் பக்கம், என்ன சொன்னார்கள் என்பது போதும். தொலைபேசியில் சொல்லவேண்டாம், பழகாத குரல் என்றால் இப்போது எனக்குக் காது சரியாகப் பிடிப்பதில்லை. தமிழிலோ கன்னடத்திலோ, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.